அட்டைப்பெட்டிக்காரனின் சைக்கிள்

கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் அட்டைப்பெட்டி. ஆள் என்னவோ ஒல்லிதான். ஆனால் அவன் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், கதவுக்குப் பின்னால், எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டிகள். கேமரா வந்த பெட்டி, ட்ரோன் வந்த பெட்டி, கிதார் வந்த நீளப் பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் அது வந்தபோது இருந்த தெர்மோகோல், பிளாஸ்டிக் பை, ஒயரைச் சுற்றியிருந்த சின்னக் கம்பி வரைக்கும் பத்திரமாக இருக்கும்.

"ஏன்டா, நீ சாமான் வாங்குறியா, பெட்டி வாங்குறியா?" என்பாள் அம்மா, துடைப்பத்தைப் பெட்டிகளுக்கு நடுவே விட்டு மல்லுக்கட்டிக்கொண்டே.

"பெட்டி இருந்தாத்தாம்மா விலை நிக்கும்."

"அப்ப உன்னையும் ஒரு பெட்டியில போட்டு வைக்கிறேன். கல்யாணத்துக்கு விலை நிக்கட்டும்."

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, பொருத்தி, கடுகு மாதிரி இருக்கிற திருகாணியை முடுக்கிக் கொடுப்பது அவன் வேலை. அதில் வருகிற சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் போக, மிஞ்சுவதில் நல்லதாக ஒரு கால்பந்து வாங்கலாம். அவ்வளவுதான். ஆனாலும் பணக்காரப் பிள்ளைகள் வைத்து விளையாடுகிற சாமான் எல்லாம் அவன் கையில் வந்து போகும். எப்படி என்று தெருவே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. திருட்டு இல்லை, லாட்டரி இல்லை, சூது இல்லை.

ஒருநாள் யாரோ சலித்துப்போய் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட ரிமோட் கார் ஒன்றை வாங்கினான். ஒரு பக்கம் மட்டும் திரும்பாத கார் அது. கடைத் திருப்புளியை வைத்தே அதைச் சரிசெய்தான், ஆசை தீர ஓட்டினான், லென்ஸ் துடைக்கிற துணியால் துடைத்துப் பெட்டியில் போட்டு நல்ல விலைக்கு விற்றான். அந்தக் காசில் அதைவிட உசத்தியான ஒன்று. அதையும் கொஞ்ச நாள் வைத்திருந்து, துடைத்து, விற்று, இன்னும் உசத்தியாக ஒன்று. இப்படியே படிப்படியாக ஏறிவிட்டான். கைக்காசு போடாமல் ராஜா மாதிரி பொழுதுபோக்கலாம் என்று பெருமை வேறு பேசுவான்.

ஆனால் ஒரு பத்தியம் உண்டு. எதிலும் கீறல் விழக்கூடாது. ட்ரோனைத் தண்ணீருக்கு மேலே விடமாட்டான், மரத்துப் பக்கம் விடமாட்டான், காற்றடித்தால் எடுக்கவே மாட்டான். அப்புறம் எங்கேதான் விடுவான்? மொட்டைமாடியில், தன் தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்தில். கேமராத் திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கடைசிவரைக்கும் உரிக்கவில்லை. பார்த்த காட்சியெல்லாம் மூட்டமாகத்தான் பார்த்தான், பாவம்.

அவனுடைய உயிர்க்கூட்டாளி இதற்கு நேர்மாறு. அவன் பெயரே தவணை. மோட்டார்பைக், விளையாட்டு கன்சோல், காதில் மாட்டுகிற ஹெட்போன், எல்லாமே மாதத் தவணையில் எடுத்தவை. அவன் விடுகிற மூச்சு மட்டும்தான் ரொக்கம். "நீ அனுபவிக்காம வித்துடுற, நான் அனுபவிச்சுட்டு அழுறேன். மொத்தத்துல ரெண்டு பேரும் லூசுடா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

இப்படி ஏறி ஏறி அட்டைப்பெட்டி கடைசியாக வந்து நின்றது கார்பன் சைக்கிளில். பந்தயச் சைக்கிள். ஒற்றை விரலில் தூக்கிவிடலாம், அத்தனை இலேசு. சாம்பல் நிறம், வெயிலில் பார்த்தால் உள்ளே நெய்த மாதிரி ஒரு பின்னல் தெரியும். வாங்கிய அன்றே அவன் என்ன செய்தான் தெரியுமா? அதோடு வந்த டயர், சீட், பெடல் மூன்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய சாமான் கடையில் பொறுக்கிய டயரையும் சீட்டையும் பெடலையும் மாட்டிக்கொண்டான். விற்கும்போது அசல் சாமான்கள் புத்தம்புதிதாக இருக்கவேண்டுமாம். அசல் டயரில் புது ரப்பருக்கு இருக்கிற குட்டி முடிகூட உதிரவில்லை. அந்த உசத்தியான சைக்கிளில் அவன் ஓட்டியது நடுவில் இருந்த சட்டத்தை மட்டும்தான் என்று சொல்லவேண்டும்.

ஞாயிறு காலைகளில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டுவான். அந்தக் கூட்டத்தில்தான் அவள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளிடம் சொந்தமாகச் சைக்கிள் கிடையாது, மூன்றில் ஒரு பங்கு உண்டு. அவளும், கூட வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தியும், மருந்துக் கடைப் பெண் ஒருத்தியும் சேர்ந்து வாங்கிய சைக்கிள் அது. சீட்டுத் தண்டில் மூன்று நிற நெயில் பாலிஷில் மூன்று கோடு போட்டிருப்பார்கள், ஆளுக்கொரு உயரம். அதன் உடம்பு முழுக்கத் தழும்பு. ஆனால் அவள் ஏறி மிதித்தாளென்றால் ஆண்கள் எல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வருவார்கள். அட்டைப்பெட்டி அவளைப் பார்க்கிற பார்வையைத் தவணை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டான்.

மலைச்சாலைப் பந்தயம் ஒன்று அறிவித்தார்கள். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும். முதல் மூன்று பேரைச் சைக்கிள் கிளப் ஒன்று எடுத்துக்கொள்ளும். எடுத்தால் பயிற்சி இலவசம், ஓட்டுவதற்குச் சைக்கிளும் அவர்களே கொடுப்பார்கள். அவளுக்கு இது சும்மா பந்தயம் இல்லை. பங்குச் சைக்கிளுக்காக அவள் பார்க்கிற கூடுதல் ஷிஃப்டுகளிலிருந்து விடுதலை. சாப்பாட்டு நேரத்தில்கூட ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பழகினாள்.

பந்தயத்துக்கு முதல்நாள் நர்ஸ் சைக்கிளோடு போய்ப் பள்ளத்தில் விழுந்தாள். ஆளுக்கு ஒன்றும் இல்லை. கியர் சுக்குநூறு.

அவள் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஒரே ஒரு நாளைக்கு உங்க சைக்கிளைத் தருவீங்களா? இல்லைன்னாலும் பரவாயில்ல, கேக்காம இருக்க முடியல."

சைக்கிளை வாங்க திங்கட்கிழமை ஒருவர் வருகிறார். பேசி முடித்தாயிற்று. அடுத்ததாகத் துடுப்புப் படகு ஒன்றையும் பார்த்து வைத்தாயிற்று. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தபிறகு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எடுத்துக்குங்க" என்றான்.

"டயரெல்லாம் கம்பெனியோடதுதானே? அந்த மலையில கூழாங்கல்லு ஜாஸ்தி."

"எல்லாமே கம்பெனிதாங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். அசல் டயரை வெளியே எடுத்தான். மாற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் ஒருதரம் தார்ச்சாலையில் பட்டுவிட்டால் அது புதுசு இல்லை, வருகிற ஆள் விலையைக் குறைப்பார். ஒரு மலைதானே, பழைய டயர் தாங்காதா என்ன? இத்தனை நாள் தாங்கவில்லையா? டயரை மறுபடி பையில் போட்டு, பெட்டியில் வைத்து, மூடியை ஒட்டினான். பழைய டயரைப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கினான். அந்தக் களவாணித்தனத்தை அவன் கை எவ்வளவு சுத்தமாகச் செய்தது என்கிறீர்கள்!

மறுநாள் தவணையின் மோட்டார்பைக்கில் பின்னால் உட்கார்ந்து பந்தயத்தைத் தொடர்ந்தான். அவள் அந்தச் சைக்கிளில் போனதை என்னவென்று சொல்ல! அதற்கு இவ்வளவு வேகம் உண்டு என்று அதை வைத்திருந்தவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐந்தாவதாக இருந்தாள், நான்காவதாக வந்தாள், மேல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவனைத் தாண்டி மூன்றாவதாகிவிட்டாள். "அடிச்சா பாரு! அடிச்சா பாரு!" என்று தவணை கத்தினான்.

அப்போதுதான் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது.

சைக்கிள் ஆடிற்று. அவள் விழவில்லை. குதித்து இறங்கினாள், சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டாள், ஓட ஆரம்பித்தாள். அடி வளையாத சைக்கிள் ஷூ போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஓடுவது என்றால் எப்படி இருக்கும்! ஒருவன் தாண்டினான். அடுத்து இன்னொருவன். அப்புறம் கும்பலாகத் தாண்டினார்கள். அட்டைப்பெட்டி வண்டியிலிருந்து குதித்து அவள் பக்கத்திலேயே ஓடினான். எதற்கு ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டினபிறகுதான் சைக்கிளைத் தரையில் வைத்தாள்.

டயரைத் தொட்டுப் பார்த்தாள். பக்கவாட்டில் பிளந்து உள்ளே நூல் தெரிந்தது. பாலிஷ் அவள் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"இது கம்பெனி டயரா?"

"கம்பெனி டயர் வீட்ல இருக்கு."

"வீட்லயா?"

"பெட்டியில. புதுசா இருக்கட்டும்னு. நாளைக்கு ஒருத்தர் வாங்க வர்றார்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"சைக்கிளே இல்லைன்னு சொல்லியிருந்தா வேற எங்கயாவது கேட்டிருப்பேன்" என்றாள் மெதுவாக. "தர்ற மாதிரி தந்துட்டு, நல்லதை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கிட்டீங்களே. எனக்கு அதுதான் தாங்கல."

அவள் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி அவமானத்தில் அட்டைப்பெட்டிக்குச் சோறு இறங்கவில்லை. என்னடா, என்னடா என்று கேட்டு ஓய்ந்த அம்மாவிடம் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினான். அம்மா சமாதானம் சொல்லுகிற ரகம் இல்லை.

"ஒரு ரப்பர் வளையத்தைக் காப்பாத்த ஒரு பொண்ணு பொழப்பைக் கெடுத்திருக்க. நல்லா இருக்குடா உன் வியாபாரம்!"

திங்கட்கிழமை சொன்னபடி ஆள் வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார். "கடையில வாங்கினாக்கூட இவ்வளவு சுத்தமா இருக்காதுப்பா" என்று மெச்சினார். இதைக் கேட்பதற்காகத்தான் அவன் இத்தனை வருஷம் துடைத்துக்கொண்டே இருந்தான். இன்றைக்கு அது காதில் ஏறவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க. விக்கல" என்றான்.

"என்ன விளையாடுறியா? லீவு போட்டுட்டு வந்திருக்கேன்!" மனுஷர் வாசலில் நின்று கிழித்துத் தொங்கவிட்டார். அவன் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டான்.

அவர் போனதும் அசல் டயரை மாட்டினான், அசல் சீட்டை மாட்டினான், அசல் பெடலை மாட்டினான். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய், எக்ஸ்ரே அறை வாசலில் நின்றான். கையில் கட்டுப் போட்டவர்கள் வரிசையில் இருந்து அவனையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் வெளியே வந்தாள்.

"அடுத்த வருஷமும் பந்தயம் வைப்பாங்களாம். அதுவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"எனக்கு யாரும் தானம் தர வேண்டாம்."

"சரி, பங்கு. எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் போதும்."

அவள் டயரை அழுத்திப் பார்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"பாருங்க, நான் பொத்திப் பொத்தி ஓட்டுறவ இல்ல. கீறல் விழும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல."

"விழட்டும்" என்றான். சொன்ன வாய் சொல்லிவிட்டது, கை மட்டும் பழக்கதோஷத்தில் ஹேண்டிலை ஒருதரம் துடைத்தது.

அவள் சொன்னதற்கு ஏற்ற மாதிரி, கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்தாள். மழை பெய்து விட்டிருந்தது. சைக்கிள் முழுக்கச் சேறு. சட்டத்தின் மேலே, கழுத்திலிருந்து சீட்டு வரைக்கும், வெள்ளையாக ஒரே கோடாகக் கிழித்திருந்தது. இனி எந்தத் துணியாலும் துடைக்க முடியாத கீறல். அவன் வாசலில் நின்று பார்த்தான். அவன் கண் முதலில் போனது அந்தக் கீறலுக்குத்தான், பொய் சொல்வானேன். அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள், அவன் முகம் எப்படிப் போகப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டு.

அவன் படியிறங்கி ஓடினான். சைக்கிளைத் தாண்டி அவள் பக்கம் போய், "முட்டியில ரத்தம் வருது பாரு, முதல்ல உக்காரு" என்றான்.