வெறும் செல்லின் எண்

ஆறு எண்கள். நீல மையில், ஒன்றின் கீழ் ஒன்றாக, வாரத்துக்கு ஒன்று. மேலிருந்து கீழே வரவர எண் பெரிதாகிக்கொண்டே போயிற்று. கல்ச்சர் அக்கா தன் சோதனை நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தார். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஃபில்டர்ல ஓட்டை இருக்கும்க்கா, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்றேன். அவர் நோட்டை எடுக்கவில்லை. "ஓட்டை இருந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலல்ல சார் வரும்? இது ஒரு பக்கந்தான் கூடுது" என்றார். முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அது அந்த நொடியில் தோன்றவில்லை. தோன்றாததைவிட, அவர் சொன்ன பிறகும் ஒப்புக்கொள்ளாமல் நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினேனே, அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எரிச்சல் வருகிறது.

மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒரு வாடகைக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது எங்கள் ஆய்வகம். செல் வளர்க்கும் அறை, எங்கள் பேச்சில் கல்ச்சர் ரூம், அவர் பொறுப்பு. எனக்கு ஒரு வயது இளையவர்தான். ஆனாலும் இயக்குநரைத் தவிர எல்லோருக்கும் அவர் அக்கா. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பெற்றோர் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து, பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தேர்தல் நாள் எதுவானாலும் செல்லுக்குப் பசிக்கும் என்பார். பஸ் பிடித்து வந்து, பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவார். கரண்ட் போனால் எங்களுக்கெல்லாம் மின்விசிறி ஞாபகம் வரும். அவருக்குச் செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் ஞாபகம் வரும்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். நம் உடம்பின் சில செல்களில் ஒரு புரதம் காவலாள்போல் நிற்கிறது. உள்ளே வரும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். மூளையின் வாசலிலும் அது உண்டு. அதனால் ஒரு புது மருந்து அதனிடம் மாட்டுமா, தப்புமா என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த ஒரு வகைச் செல்லை, தட்டில் பொருத்திய ஃபில்டர் என்னும் மெல்லிய சவ்வின்மேல் சுவர்போல வளர்ப்போம். அந்தச் செல்லில் நாயின் காவலாளே ஏற்கெனவே இருப்பதுதான் தொந்தரவு. மரபணுவைத் திருத்தி அதை நீக்குவோம். நீக்கியதற்கு வெறும் செல் என்று பெயர் வைத்திருந்தோம். அதே வெறும் செல்லில் மனிதக் காவலாளுக்கான மரபணுவைச் சேர்த்தது இன்னொரு வகை. வெறும் செல்லில் மருந்து இரண்டு திசையிலும் சமமாகக் கடக்க வேண்டும். அப்போதுதான் மற்றதில் காண்பது மனிதக் காவலாளின் வேலை என்று நம்ப முடியும்.

இதையெல்லாம் அக்கா எங்களைவிட எளிதாகச் சொல்வார். அவருடைய தம்பிக்கு வலிப்பு. மூன்று மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. "மாத்திரை வயித்துக்குள்ள போகுது சார். மூளைக்குள்ள விடமாட்டேங்குதாம். டாக்டர் சொன்னப்ப எனக்கு நம்ம தட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு" என்று ஒருமுறை சாப்பாட்டு வேளையில் சொன்னார். அந்த ஆண்டு ஒரு மருந்து நிறுவனத்துக்காக நாங்கள் சோதித்துக்கொண்டிருந்ததும் வலிப்புக்கான ஒரு புது மருந்துதான்.

அவருடைய ஆறு எண்களும் வெறும் செல்லின் எண்கள். மருந்தை வெளியே தள்ளக்கூடாத செல், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளத் தொடங்கியிருந்தது. திருத்தத்துக்குத் தப்பிய சில செல்கள் கூட்டத்தில் ஒளிந்திருந்து, மற்றவற்றைவிட வேகமாகப் பெருகுகின்றன என்பது அவர் ஊகம். வெறும் செல்லிலிருந்துதான் மற்றதும் உண்டானது என்பதால் அதிலும் நாயின் காவலாள் கலந்திருக்கும். "களை மாதிரி சார். மேல வெட்டுனாப் போகாது. ஒத்தச் செல்ல எடுத்து, அதுல இருந்து மறுபடி வளக்கணும். எட்டு வாரம் குடுங்க" என்றார்.

இரண்டு நாள் நான் அந்த நோட்டோடு மல்லுக்கட்டினேன். அக்கா சொன்னது சரி என்று தெரிந்ததும் இயக்குநரிடம் போனேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ரிப்போர்ட் இந்த மாசம் போகணும். மனித ஜீன் சேத்த செல்லுல ரிசல்ட் தெளிவா இருக்குல்ல? வெறும் செல் டேபிளைக் கடைசிப் பக்கத்துல போடுங்க. வேணுங்கிறவங்க பாத்துக்கட்டும்." நான் வாதாடியிருக்கலாம். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதையும் மறைக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த எண்களைப் பின்னிணைப்பின் கடைசி அட்டவணையில், சின்ன எழுத்தில் போட்டேன். முதல் பக்கத்தில், இந்த மருந்தை மனிதக் காவலாள் வெளியே தள்ளுகிறது என்று எழுதினேன். அந்த வாக்கியம் என்னுடையது.

சோதனை செய்தவர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போடவில்லை. சத்தம் போடவுமில்லை. "எனக்கு நம்பிக்கையில்ல சார்" என்றார், அம்புட்டுத்தான். மறு வாரமே அவரை ஊட்டத் திரவம் கலக்கும் அறைக்கு மாற்றினார்கள். நிறுவனம் எங்கள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, மூளைக்குள் போகாது என்று அந்த மருந்தைக் கைவிட்டது.

திரவம் கலக்கும் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு அக்கா பழைய அறைக்கு வந்து, குழி குழியான ஒரு தட்டில் குழிக்கு ஒரு செல் என்று இரண்டு வகையையும் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அந்த ஆண்டு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. சுத்தமாக வந்தவற்றைச் சிறு குப்பிகளில் உறையவைத்து, எந்த அடுக்கில் எந்தக் குப்பி என்று ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு வேலையை விட்டார். அன்றைக்கும் பஸ் நேரம் பார்த்துத்தான் கிளம்பினார். "போறேன் சார்" என்றார். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

அந்தக் குப்பிகளை எடுத்துச் சோதிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. வேலை என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயம். கடைசியில் செய்தேன், மூன்று முறை திரும்பத் திரும்ப. அக்காவின் செல்களில், வெறும் செல், மனித மரபணு சேர்த்த செல் இரண்டிலுமே, அந்த மருந்து இரண்டு திசையிலும் சமமாகக் கடந்தது. மனிதக் காவலாள் அதைத் தொடவே இல்லை. நாங்கள் அளந்தது நாயின் வேலையை. நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, அந்தத் திட்டம் முடிக்கப்பட்டுவிட்டது, குழு வேறு பணிக்குப் போய்விட்டது. தொலைபேசியில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவரும் கோப்பைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை திருமங்கலம் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் இருந்தார். பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர் ஒரு பெரியவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோதே எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, பெரியவரை மெதுவாக எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று ஏன் நினைத்தேனோ தெரியவில்லை.

"தம்பி எப்படி இருக்காப்ல?" என்றேன்.

"போன மாசம் வரப்புல விழுந்து பல்லு ரெண்டு போச்சு" என்றார். அந்த மருந்து இருந்தால் அவன் விழுந்திருக்கமாட்டான் என்று யாராலும் சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை. "நீங்க திரும்ப வாங்கக்கா, உங்க அறையையே வாங்கித் தாரேன்" என்றேன்.

"வந்தா, அடுத்த தடவை எண்ணு சரியில்லைன்னு நான் சொன்னா முதப் பக்கத்துல போடுவீங்களா?"

"டைரக்டர்ட்ட கேக்கணும்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் புது ஊசி ஒன்றைப் பிரித்தார். "கேட்டுட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் அடுத்து இருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

திங்கட்கிழமை கேட்டேன். முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே பார்த்துக்கொள்வதாக இயக்குநர் சொன்னார். நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வகத்தில் இப்போது நடக்கும் எல்லாச் சோதனைகளும் அக்கா விட்டுப்போன செல்களில்தான் நடக்கின்றன. எந்த அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை. திருமங்கலத்துக்கு நான் அப்புறம் போகவில்லை.