முப்பத்தாறு பொத்தான்களுக்குச் சந்தனம்

எங்கள் வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில், நிலாவுக்கு ஆள் அனுப்புகிற மேசை ஒன்று இருந்தது. செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். திண்டுக்கல்லில் எங்களோடு தங்கித்தான் வேலைக்குப் போய்வந்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ராக்கெட் விடும்போது ஒரு பெரிய அறையில் ஆட்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அதில் ஒருவருடைய மேசையை அச்சு அசலாகச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எதற்கு என்று கேட்டால், "நல்லாருக்குல்ல?" என்று திருப்பிக் கேட்பார்.

பழைய இரும்புக் கடையில் எடுத்த ஆபீஸ் மேசை, அதன்மேல் தகரத்தில் அடித்த சாய்வுப் பெட்டி, நடுவில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதைச் சுற்றி முப்பத்தாறு பொத்தான்கள். அமுக்கினால் உள்ளே போய், விளக்கு எரிந்து, டக்கென்று வெளியே வரும். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. அதில் உள்ளதெல்லாம் இதிலும் இருந்தாக வேண்டும். படத்தில் சாம்பல் கிண்ணம் இருந்த ஒரே காரணத்துக்காக, சிகரெட் வாடையே ஆகாத மாமா அதையும் தேடி வாங்கி வைத்தார். நான் அதில் பென்சில் சீவிய தூளைப் போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா அதை ஜாதகம் பார்க்கிற மெஷின் என்றே நம்பி, தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று அமுக்கிப் பார்க்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் ராக்கெட் விடுவோம். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தயாரா என்று கேட்க வேண்டும், எல்லோரும் 'கோ', அதாவது கிளம்பலாம், என்று சொல்ல வேண்டும். இன்ஜின், ரேடியோ, ஆக்சிஜன் எல்லாம் நானே. டாக்டர் மட்டும் அம்மா, அடுப்படியிலிருந்து.

"டாக்டர்?" என்பார் மாமா.

"அதான் கோன்னு சொல்லிட்டேன்ல. இங்க வெஞ்சனம் அடிப்பிடிக்குது, சட்டுபுட்டுன்னு விட்டுத் தொலைங்க!"

உடனே நான் கீழ்வரிசையில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்குவேன். அது என்னுடையது. அப்பாவே ஒருநாள் ஆசைப்பட்டுத் தொடப் போனபோது மாமா விடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே பதவி அதுதான்.

பதவி இருந்தால் வாய் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். அது அறிவியல் டீச்சர் காதுக்குப் போனது. அந்த வருடக் கண்காட்சிக்கு மேசையைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டு அனுப்பினார். மாமாவும் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவதாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருக்க நான் சிவப்புப் பொத்தானை அமுக்குவதாக ஏற்பாடு. 

இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குச் சைக்கிள், மிக்ஸி, அரிவாள்மனை, என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். வைத்தபின் மறுநாள்வரை எதையும் தொடக் கூடாது. மாமா மில் பூஜைக்குப் போயிருந்தார். அம்மா ஹாலில் இருந்த பூஜை அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "மாமா பொட்டிக்கும் ஒண்ணு விடாம வையி" என்றாள். பெட்டிக்கு ஒரு பொட்டு என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் பொத்தானுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தாறுக்கும் பற்ற வேண்டுமே என்று பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் கரைத்து, ஒன்று விடாமல் வைத்தேன். அது வழிந்து இடுக்குகளில் இறங்கியதைப் பார்த்தபோது சாமிக்குப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் மேசையைப் பார்க்க வந்தார். மாமா சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். முதல் பொத்தானை அமுக்கினார். உள்ளே போனது, வெளியே வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதுக்குள் மாமாவின் காது சிவந்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஓவென்று அழுதேன். "சந்தனம் மாமா, நான்தான் மாமா" என்று விக்கி விக்கிச் சொன்னேன்.

டீச்சர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, ஒரு பொத்தானின் இடுக்கில் சுரண்டிப் பார்த்தார். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "சந்தனம் காஞ்சா இம்புட்டுக் கெட்டியாப் பிடிக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு, "அழாத பாப்பா. ஒரு பேப்பர் கொண்டாந்து விரி" என்றார்.

ஒவ்வொரு பொத்தானையும் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. மில்லில் பெரிய பெரிய மோட்டாரைப் பொழுது சாய்வதற்குள் பிரித்துப் பூட்டுகிற மாமா, ஒரு பொத்தானுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர், எந்த விளக்கு எதற்கு எரியும் என்று டீச்சருக்கு விலாவாரியாகச் சொன்னார். ஒரு சனிக்கிழமைக்கு ஒன்பது வீதம் நான்கு சனிக்கிழமை. கழற்றிய திருகுகளைச் சாம்பல் கிண்ணத்தில் பத்திரமாக வைத்துக்கொள்வது என் வேலை. என் பதவி பிழைக்க வேண்டுமே என்று நானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை முப்பத்தாறும் எரிந்தன. நான் குதித்தேன். பெரியவர்கள் இரண்டு பேரும் ஏனோ குதிக்கவில்லை.

"அப்ப, முடிஞ்சிருச்சு" என்றார் டீச்சர்.

"முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றார் மாமா. பிறகு வடை வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். அம்மா அடுப்படியில் இருந்தாள். டீக்குப் பால் வாங்கிவர என்னைக் கடைக்கு விரட்டினாள். நான் பாலோடு திரும்பியபோது டீச்சர் முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தார். கண்காட்சிவரை யாரும் தொடக் கூடாது என்று மேசையைப் போர்வையால் போர்த்தி வைத்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா போர்வையை விலக்கிப் பார்த்தால், கீழ்வரிசை ஆறு பொத்தான்களும் ஒட்டிக்கொண்டு கிடந்தன, என் சிவப்பு உட்பட. ஒவ்வொன்றிலும் புதுச் சந்தனம்.

"ஏண்டி, அம்புட்டுப் பட்டும் உனக்குப் புத்தி வரலையா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் இல்லை என்று ஜாமெட்ரி பாக்ஸ் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒருதரம் திருடி மாட்டியவள் சத்தியத்தை யார் நம்புவார்கள்? மாமா கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ, "விடுக்கா, சின்னப் புள்ள" என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "மறுபடியும் ஒட்டிக்கிச்சு டீச்சர். நாளைக்கு வாறீங்களா?" என்று அவர் பேசுவது கேட்டது. திரும்பி வரும்போது எனக்கு ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்தார். செய்யாத தப்புக்கு அடியும் வாங்கி அல்வாவும் வாங்கினால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அல்வாவை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

கண்காட்சியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டாக்டர் கேள்விக்குத் தலைமையாசிரியர் 'கோ' சொல்ல, நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். பள்ளிக்கூடமே கைதட்டியது. டீச்சர் அதற்கப்புறமும் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பொத்தானைப் பார்க்க வந்தார். கோயிலா சர்ச்சா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு வருடம் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு ஓய்ந்துபோனார்கள். டீச்சர் எனக்கு அத்தையானார்.

மேசை இப்போது அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு நான் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிடுவேன். மாமா வருடம் தவறாமல் எனக்கு அல்வா வாங்கி வைத்திருப்பார். "நீ மட்டும் ரெண்டாந்தடவை அந்தச் சேட்டையைச் செய்யலைன்னா, உங்க அத்தைய வரச் சொல்ல எனக்கு ஏது தாயி சாக்கு?" என்பார். பல வருடம் நான் செய்யவில்லை என்று சண்டை போட்டேன். அப்போதெல்லாம் அத்தைக்கு அடுப்படியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

இப்போது நான் சண்டை போடுவதில்லை. சில வருடங்களுக்கு முன் பூஜையன்று அத்தை பன்னீர் ஊற்றிச் சந்தனம் கரைத்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சட்டென்று திரும்பிக்கொண்டு, "பெட்டிக்கு மட்டும் வையி, பொத்தானுக்கு வேணாம்" என்றார். மாமாவிடம் இதுவரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

அன்றைக்குக் குழாயடியில் என் கன்னத்தைக் கிள்ளிய ஈர விரல்களில் பன்னீரும் சந்தனமும் மணத்தன. டீச்சர் என்றால் கை இப்படித்தான் மணக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, நான் பாலைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன்.