ஊர்ப் பேர் சொல்லாத மழை

“ஏட்டி, எந்த ஓரிரு இடம்? ஊர்ப் பேரைச் சொல்லு!” என்று, ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யும்’ என்று வாசித்த வானொலிப் பெட்டியை அதட்டுகிறார் வெயிலுகந்தம்மாள். பெட்டியின் முதுகு மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. பேட்டரிகளை ஒரு சைக்கிள் டியூப் துண்டுதான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. புரட்டாசி பிறந்துவிட்டால், சாயந்தர வானிலை அறிக்கை முடியும்வரை அவர் வீட்டில் உலை கொதித்தாலும் அரிசி விழாது.

பசுவந்தனையில் அவருக்கு நான்கு ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது. மழைக்கு முன்பே புழுதியில் உளுந்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். போன வருஷம், “தென் மாவட்டங்களில் பரவலாக மழை” என்று பெட்டி சொன்னதை நம்பி விதைத்தார். மலையோரத்தில் வெள்ளம் புரண்டது. இங்கே விழுந்தது ஒரு தூறல். விதை முளைக்க அது போதும். பயிர் நிற்கப் போதாது. பச்சை காட்டிய முளை அத்தனையும் வெயிலில் சருகாகிப் போனது. அதிலிருந்து ‘பரவலாக’ என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பு எரிகிறது.

இந்த வருஷம் ஓட்டப்பிடாரத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. மேடையில் ஓர் இளம் அதிகாரி பருவமழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வெயிலுகந்தம்மாள் எழுந்துவிட்டார்.

“சார், தென் மாவட்டம் தென் மாவட்டம்னு சொல்லுதீங்களே, குத்தாலமும் எங்க கரிசக்காடும் ஒண்ணா? அங்கன அருவி கொட்டுது. இங்கன குடிக்கத் தண்ணி லாரியில வருது!”

தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த கணவர் தங்கச்சாமி, “ஏட்டி, உக்காரு” என்று முந்தானையை இழுத்தார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

“ஊர் ஊராப் பிரிச்சுச் சொல்ற வசதி இன்னும் வரலம்மா” என்றார் அதிகாரி.

“அப்பம் தெரியாதுன்னு சொல்லுங்க. நாங்க கோவிச்சுக்க மாட்டோம். தெரிஞ்ச மாதிரி சொல்லப்போயித்தான வெதைக்கோம்!”

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார்.

ஐப்பசி பிறந்ததும் பெட்டி மறுபடி ‘பரவலாக மழை’ என்று அதே பல்லவியைப் பாடியது. பக்கத்துப் புஞ்சைக்காரர் பெருமாள்சாமி விதைக்க இறங்கினார். “அண்ணாச்சி, அவிய பேச்சைக் கேட்டு வெதையை மண்ணுல கொட்டுதீங்களே!” என்று வரப்பில் நின்று சத்தம் போட்டுவிட்டு, தன் விதை மூட்டையை அவிழ்க்காமலே வைத்துக்கொண்டார் வெயிலுகந்தம்மாள்.

இரண்டு நாளில் கிழக்கே கறுத்தது. பசுவந்தனையில் ஓடை பெருகும்படி ஊற்றித் தீர்த்தது.

“எம்மா, இந்தத் தடவை சரியாத்தான சொல்லியிருக்காவ?” என்றார் பெருமாள்சாமி, மெல்ல.

“அதைத்தான் நானும் கேக்கேன்! போன வருசம் பொய்யைச் சொல்லி, இந்த வருசம் நெசத்தையும் நம்பவிடாம ஆக்கிட்டாவளே. இதுக்கு எவன் பதில் சொல்லுவான்?”

நனைந்த கரிசலில் மாடும் இறங்காது, ஏரும் இறங்காது. மண் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் பருவம் பிந்திவிடும். புஞ்சைக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தார். முழங்கால்வரை உள்ளே வாங்கியது. பிடுங்கிக்கொண்டு வரப்பில் ஏறினார். அங்கே கொண்டுவந்து வைத்திருந்த விதை மூட்டையை அவிழ்த்து, ஒரு கை உளுந்தை அள்ளி, கால் போக முடியாத அந்த நடுப்புஞ்சையைப் பார்த்துக் கல்லெறிவதுபோல வீசினார்.