ஆறாவது குப்பியின் சுவர்

இரண்டு அடுக்குக் கையுறைக்குள் விரல்கள் பிசுபிசுக்க, சொட்டக்கா ஆறாவது குப்பியில் தன் துளியை விட்டு மூடியைத் திருகினாள். கைகள் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே. மூக்கு அரித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். துளி விடுவதில் இருபத்தாறு வருடப் பழக்கம். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

கழிவு புதைத்த இடத்திலிருந்து புளூட்டோனியம் கசிந்து நிலத்தடி நீரில் கலந்தால், வழியிலுள்ள மண் அதைப் பிடித்து நிறுத்துமா என்று பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. ஐந்து குப்பிகளில் தண்ணீரோடு ஒரு சிட்டிகை களிமண்ணோ இரும்புத் துருத் தாதோ உண்டு. ஆறாவதில் வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. எல்லாவற்றிலும் ஒரே அளவு புளூட்டோனியம், கண்ணுக்குத் தெரியாத அளவு. நான்கு நாள் குலுக்கிவிட்டு, பொடியில் ஒட்டியதைத் தனியாகவும் தண்ணீரில் நின்றதைத் தனியாகவும் அளப்பார்கள். இரண்டையும் கூட்டினால் போட்டது வரவேண்டும்.

ஐந்து குப்பிகளில் ஏறக்குறைய வந்தது. ஆறாவதில் நூறு பங்கு போட்டதற்கு அறுபத்தைந்துதான் இருந்தது.

“மிச்சம் எங்கக்கா?” என்று கேட்டார் ஆய்வுக்கூடத் தலைவர். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். மண்ணியலைக் கரைத்துக் குடித்தவர், புளூட்டோனியத்துக்குப் புதியவர்.

“போட்டதெல்லாம் உள்ளதான் சார் போட்டேன்.”

“அப்ப தண்ணியிலதான இருக்கணும்? ஒட்டிக்க அதுல மண்ணே இல்லையே. கை தவறிடுச்சா?”

“தவறியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நாளைக்குப் பத்து மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வர்றாரு. காணாமப் போனதுக்குக் காரணம் கேப்பாரு. இல்லேன்னா உங்களப் பெட்டிப் பக்கமே விடமாட்டாரு. அது என் கையில இல்ல.”

பெட்டி போனால் அவளுக்கு மிஞ்சுவது கோப்பு அறை. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. கை நடுங்கியவள் என்ற பேரோடு ஆறு வருடம் காகிதம் அடுக்க அவளுக்குச் சம்மதமில்லை.

கருவி அறைக்காரர் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எப்பவும் நாம அமிலத் தண்ணியிலதான போடுவோம். இந்தத் தடவைதான் சாதாத் தண்ணி. அதுக்குப் பிடிக்கல போல.”

“ஆமா, உங்க கிட்ட வந்து சொல்லிச்சு” என்றாள் சொட்டக்கா. சிரிப்பு வரவில்லை.

வீட்டில் நாத்தனார் பக்கவாதத்தில் விழுந்து ஏழு மாதம். இடது கை வராது. வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. சாயங்கால மருந்து தேன் மாதிரி கெட்டி. தலையணையை நிமிர்த்தி, சின்ன டம்ளரில் அளந்து, மெதுவாகப் புகட்டினாள்.

“முடிஞ்சுதா?” என்றாள் நாத்தனார்.

“முடிஞ்சுது அண்ணி.”

“எங்க முடிஞ்சுது? டம்ளரைப் பாரு. ஆபீஸ்ல சொட்டு சொட்டா அளக்கிறவளாம். இங்க எனக்குப் பாதி, டம்ளருக்குப் பாதி.”

டம்ளரின் உட்சுவரெங்கும் மருந்து அப்பியிருந்தது. சொட்டக்கா தண்ணீர் விட்டுச் சுழற்றினாள். சுவர் தெளிந்தது, தண்ணீர் சிவந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கையில வச்சு ஆராயாத. குடு.”

“குப்பிக்கும் சுவர் இருக்கு அண்ணி.”

“உன் டம்ளருக்கும் இருக்கு. குடுடி.”

கொடுத்தாள். பொடி இருந்த குப்பிகளில் புளூட்டோனியம் பொடியைப் பிடித்துக்கொண்டது. ஆறாவதில் பிடிக்க வேறு ஒன்றுமில்லை; சுவரைப் பிடித்திருக்கும். அமிலத் தண்ணீரில் கரைந்தே கிடந்ததால் இத்தனை வருடம் யாரும் குப்பியைச் சந்தேகப்படவில்லை. தண்ணீரை ஊற்றி அளந்துவிட்டு, காலிக் குப்பியைக் கழிவுத் தொட்டியில் போடுவதுதான் வழக்கம். தொட்டி நாளை மதியம்தான் போகும்.

மறுநாள் காலை ஏழரைக்கே தலைவரை வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். தொட்டியிலிருந்து ஆறாவது குப்பியை எடுத்து, அமிலம் விட்டு மூடி, சாய்த்தும் கவிழ்த்தும் ஒரு மணி நேரம் குலுக்கினாள். அந்த அமிலத்தைக் கருவி அறைக்காரர் அளந்தார்.

“முப்பத்து மூணு” என்றார்.

“அறுபத்தஞ்சோட சேத்தா தொண்ணூத்தெட்டு” என்றார் தலைவர். “ரெண்டு பங்கு எப்பவும் வர்ற பிழைதான்.” எண்ணைத் தாளில் குறித்துவிட்டு, “கை தவறிச்சான்னு கேட்டது தப்புதான்கா” என்றார்.

“கேக்க வேண்டியதுதான். இப்ப மத்த அஞ்சையும் கழுவிடுவோம். அதிகாரி அதையும் கேப்பாரு.”

கழுவினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பங்குகூட வரவில்லை. பத்து மணிக்கு அதிகாரி உள்ளே வந்தபோது ஆறு எண்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சொட்டக்கா செய்முறைத் தாளின் அடியில் ‘காலிக் குப்பியையும் அமிலத்தில் கழுவி அளக்கவும்’ என்று எழுதி, தேதி போட்டுக்கொண்டிருந்தாள்.