மாமா பையைத் தூக்கினால்

அக்காவின் கணவர் மருத்துவமனையில் காவலாளி. பார்வையாளர் நேரம் முடிந்ததும் நோயாளிகளின் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவது அவர் வேலை. குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், வேலை தேடுகிறேன் என்ற பெயரில் அவர் வீட்டின் இரண்டாவது அறையில் படுத்துக் கிடந்தேன். அக்காவுக்கு நிறைமாதம். தொட்டில்கூட வந்துவிட்டது, என் கட்டில்தான் வழிவிடவில்லை. எல்லாம் புரிந்தும் புரியாத மாதிரி இருக்க மட்டும் படிப்பு கைகொடுத்தது.

மாமாவுக்கு மேற்பார்வையாளர் பதவிக்கான நேர்காணல் வந்தது.

"மாப்ள, என் வேலைய இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"கிக் அவுட்," என்றேன், எழுந்து உட்கார்ந்து.

"கிக்னா உதைக்கிறதுதானே? நான் யாரைடா உதைச்சேன்?"

"கால் படவே வேணாம் மாமா. ஒருத்தருக்கு இருக்க ஆசை, ஆனா வெளியேத்திடறாங்க. காலேஜ்லேருந்து, வேலையிலேருந்து, வீட்டுலேருந்து..."

கடைசி உதாரணத்தில் என் குரல் உள்ளே போய்விட்டது. சமையலறையிலிருந்து அக்கா, "அதைக் கொஞ்சம் சத்தமா சொல்லுடா," என்றாள்.

"நேர்காணல்ல இதைச் சொல்லிடாதீங்க. முரட்டுத்தனமா இருக்கும்," என்று பாடத்தை முடித்தேன்.

மாமாவிடம் முரட்டுத்தனமே கிடையாது. சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் அவர் வேலையை நேரில் பார்த்தேன். நோயாளியின் கட்டிலை விட்டு நகராத ஓர் அம்மாளின் பையைத் தூக்கிக்கொண்டு, "பையன் இன்னைக்குத் தெளிவா இருக்கானே," என்று பேசியபடி நடந்தார். பேச்சு சுவாரசியத்தில் அந்த அம்மாளும் கூடவே நடந்தார். வாசலில் பை கைக்கு வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை மாமா என் பையைத் தூக்கினார். "வா மாப்ள, நடந்துகிட்டே இங்கிலீஷ் சொல்லிக்கொடு."

சொல்லிக்கொடுத்தேன். மூச்சுவிடாமல், கையை ஆட்டி ஆட்டி, இரண்டு தெரு தாண்டி, ஒரு கட்டடத்தின் படியேறும்போதும். பை என் கைக்கு வந்தபோது, ஆண்கள் விடுதி ஒன்றில் காலிக் கட்டிலின் முன் நின்றிருந்தேன்.

மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார். "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும். வரலைன்னா உங்கக்கா என்னை வெளிய தள்ளிடுவா."

வாசல்வரை போனவர் திரும்பினார். "மாப்ள, இருக்க ஆசைப்படறவனை அனுப்பினாத்தான் அந்த வார்த்தைன்னு சொன்னே. உனக்கு...?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல மாமா," என்றேன், தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே.