மனைவியின் வயிறு, என் கையெழுத்து

தாதிய மாணவர்களுக்கு நோயாளியின் உரிமைச் சட்டம் படிப்பிப்பவன் நான். "மனைவிக்குச் சுயநினைவு இருந்தால் புருஷன் கையெழுத்து வைக்கக் கூடாது" என்று மேசையில் ஓங்கித் தட்டிச் சொல்வேன்.

சென்ற மாதம் என் மனைவிக்குக் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரி விடுதிக்குச் சம்மதப் படிவம் வந்தது. கோப்பாயில் எங்கள் வீட்டில் காணி உறுதி முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவம் வரை நான்தான் கையெழுத்து வைப்பவன். கை தானாகவே போயிற்று. வைத்துவிட்டேன்.

மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"வயிறு என்ரை. கையெழுத்து மட்டும் உங்கடையோ? டொக்டரிட்டை எனக்கு இன்னும் கேட்கக் கிடக்கு."

அவமானம் கோபமாக வெடித்தது. படிவம் கொண்டுவந்த தாதி என் பழைய மாணவி. அவளில் பாய்ந்தேன். "இதையே நான் உமக்குப் படிப்பிச்சனான்? ஏன் என்னட்டைத் தந்தனீர்?"

"நான் அக்காவிட்டைத்தான் நீட்டினனான், சேர். நீங்கள்தான் பறிச்சனீங்கள்."

அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதியது கொண்டுவந்தாள். டொக்டர் வந்தார். மனைவி ஆற அமர எல்லாவற்றையும் கேட்டாள், பிறகு கையெழுத்து வைத்தாள். நான் பேனையோடு சும்மா நின்றேன்.

இப்போதும் வகுப்பில் மேசையில் ஓங்கித்தான் தட்டுகிறேன். அந்த அடி யாருக்கு விழவேண்டியது என்று எனக்குத் தெரியும்.