மறுகா என்றால் எப்போது?

லொறி பழுதுபார்க்கிற தொழிலில் மூளைக்கு எட்டாத இடங்களைவிடக் கைக்கு எட்டாத இடங்களே அதிகம். படித்து முடித்து உத்தியோகம் தேடி அலைந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

மெல்லிய கை

என் கையைப் பற்றிப் பேசியதை நான் நேரில் கேட்கவில்லை. அன்று பட்டறையில் இருந்த ஏறாவூர் இஸ்மாயில் காக்கா பிற்பாடு சொல்லித்தான் தெரியும்; எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்போம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு லொறிப் பட்டறைக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, எழுத்துவேலை பார்க்கக் கிளாக்கர் தேவை என்று கேள்விப்பட்டு, சான்றிதழ்களோடு போய் நின்றேன். முதலாளி அவற்றைப் புரட்டிப் பார்த்து, நாளைக்கே வரச் சொன்னார். என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த வேலை என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

நான் வெளியே இறங்கியதும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வேலை பார்த்த போர்மன் கந்தையர் முதலாளியிடம் சொன்னாராம்: "பொடியன்ர கையைப் பாத்தியளே? எஞ்சினுக்குள்ள வடிவாப் போகும்."

கடைசிப் போல்ட்

இஸ்மாயில் காக்காவின் லொறிக்கு ஏறக்குறைய என் வயது. ஒருநாள் தண்ணீர்ப் பம்ப் ஒழுகி, எஞ்சின் கொதித்து, பட்டறை வாசலில் வந்து நின்றது. பம்பைப் பிடித்திருந்த மற்றப் போல்ட்டுகள் கழன்றுவிட்டன. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே, கண்ணுக்கே தெரியாத சந்தில் இருந்த கடைசிப் போல்ட் மட்டும் உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்தது. யுத்தகாலம். அந்தப் போல்ட் உள்ளே முறிந்தால் லொறி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மாற்றுச் சாமான் எந்தக் கப்பலிலும் வராது. காக்காவின் நெல்லோ சித்தாண்டி வயல்வட்டையில் சூடடித்துக் குவித்தபடி, லொறிக்காக வெட்டவெளியில் கிடந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கந்தையர் என்னைக் கூப்பிட, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். கந்தையர் சொன்னது பொய்யில்லை, கை உள்ளே போயிற்று. காக்கா குனிந்து பார்த்தார்.

"தம்பி, எண்ட நெல்லு முழுக்க இப்ப உங்கட கையிலதான் இரிக்கி. முறிச்சிராதீங்க வாப்பா!"

கந்தோர் எங்கே?

கந்தையர் மேலே நின்று சந்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினார். நான் ஸ்பேனரை இழுத்தேன். அசையவில்லை. "மறுக்கா!" என்றார். யாழ்ப்பாணத்தாருக்கு அது இன்னொருமுறை; எங்கள் பெரியகல்லாற்றில் மறுகா என்றால் பிறகு. பிறகு பார்க்கலாம் என்கிறார் என்று எண்ணிக் கையைத் தளரவிட்டேன். சற்றுப் பொறுத்து, "மறுக்கா!" என்று அதட்டினார். "ஓம் ஐயா" என்று இன்னும் பொறுமையாகக் கிடந்தேன். நான் முக்கி இழுக்கிறேன் என்று நினைத்து, அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அப்போது லொறியின் பக்கத்தில் புதிதாக இரண்டு சோடிக் கால்கள் வந்து நின்றன. ஒன்று அப்பாவுடையது. கருவாட்டுப் பொட்டலத்தோடு, மகனின் உத்தியோகத்தைக் காட்டவென்று பக்கத்து வளவுச் சின்னத்தம்பியரையும் அழைத்து வந்திருந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களை அடையாளம் கண்டு குனிந்தார். என் முகமெல்லாம் கறுத்த எண்ணெய். எழும்பவும் முடியாது, கை உள்ளே. நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் அவரும் என்னைக் காணமாட்டார் என்பதுபோல.

அப்பா மெல்லிய குரலில்தான் கேட்டார்: "உண்ட கந்தோர் எங்க மனே?"

பாராட்டு

வெட்கத்தில் ஸ்பேனரைப் பிடித்து இழுத்தேன். போல்ட் ஒருமுறை முனகியது, பிறகு மெல்லக் கிறுகிச் சுழன்றது. முறியாமல், முழுதாக என் விரல்களுக்குள் வந்து சேர்ந்தது. காக்கா இறைவனைப் புகழ்ந்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "படிச்ச புள்ளட பொறுமையப் பாருங்க! வேற ஆளெண்டா அவசரப்பட்டு முறிச்சிருப்பான்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. சின்னத்தம்பியரும் தலையாட்டினார்.

அந்தப் புகழை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கந்தையர் சொன்ன மறுக்காவை நான் எங்களூர் மறுகாவாக விளங்கிக்கொண்டதையும், போல்ட்டை இளக்கியது மண்ணெண்ணெய்தான் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அப்பா கருவாட்டுப் பொட்டலத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கந்தையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப, இவ்வளவு நேரமும் நீர் உள்ளுக்குச் சும்மாவே படுத்துக் கிடந்தனீர்?"

ஊர்ப் பேச்சு

அடுத்த முறை ஊருக்குப் போகையில் தலைகுனிந்தபடியே நடந்தேன். சின்னத்தம்பியர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டிருப்பார் என்று பயம். ஆனால் அப்பா அவரை முந்திக்கொண்டு ஏதோ சொல்லிவைத்திருக்கிறார். சந்தியில் என்னைக் கண்ட கடைக்காரர் எழுந்தே நின்றார்.

"கொப்பா சொன்னாரு மனே, உனக்குக் கந்தோர்ல படுத்துக் கிடந்தே செய்யிற வேலையாமே!"

மழைக்கு முன் நெல் லொறியில் ஏறிவிட்டது என்று காக்கா சொன்னது என் ஆறுதலுக்காகத்தானோ என்று சந்தேகித்து, சித்தாண்டிக்கே போய் விசாரித்தேன்: ஒரு மூடைகூட நனையவில்லை, அந்தப் பெருமையில் பாதி மண்ணெண்ணெய்க்கும் மீதி மறுகாவுக்கும் போக, பட்டதாரிக்கு மிஞ்சியது மெல்லிய கை மட்டும்தான்.